சோழர் தலைநகரங்களிற் சில நாட்கள்

நம் கல்லூரி விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, மாணவப் பருவத்து நினைவுகளையே எழுதுவதென எண்ணியிருந்தோம். எழுத அமர்ந்தபோதோ, 2025 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையிற் சோழநாட்டிலே கழித்த எட்டு நாட்களே மனத்தில் முந்தி நின்றன. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதை அன்பர்கள் போகப்போக அறிவர்.

யாம் பிறந்த ஊர் சாட்டி. வேலணைத் தீவின் கடலோரத்திலே வெண்மணலும் பனையுமாகக் கிடக்கும் சிற்றூர். தீவகத்தில் எங்குத் தோண்டினும் உவர்நீர் ஊறும். சாட்டி மணலிலே மட்டும் இறைவன் கொஞ்சம் நன்னீரை வைத்தான். அந்நீர் அயலூர்களுக்கும் எடுத்துச் செல்லப்படுவதைக் காண்பதில் எம்மூரவர்க்கு ஒரு சிறு செருக்கு உண்டு. 1991 ஆம் ஆண்டிலே போர் தீவுகளைச் சூழ்ந்தபோது எம் குடும்பம் ஊரைவிட்டுப் புறப்பட்டது. எமக்கு அப்போது பதினொரு வயது. ஆச்சி வாசற்கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டார். அந்தத் திறப்பு அவர் மறையும்வரை அவர் இடுப்பிலேயே இருந்தது.

இடம்பெயர்ந்து வந்த எம்மை நம் கல்லூரி ஆறாம் வகுப்பிற் சேர்த்துக்கொண்டது. மின்னொளி இல்லாக் காலம்; மண்ணெண்ணெயும் அரும்பொருளாயிருந்தது. ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சையிட்டுச் சில துளி எண்ணெய் வார்த்து எரித்த விளக்கொளியிலே பாடம் படித்தோம். அக்காலத்தில் எமக்குத் தமிழ் கற்பித்த ஆசான் கரும்பலகையிலே காவிரியை ஒரு கோடாகவும் கொள்ளிடத்தை இன்னொரு கோடாகவும் இழுத்து, தஞ்சை, பழையாறை, கங்கைகொண்ட சோழபுரம் என மூன்று புள்ளிகள் இடுவார். சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' அவர் கையில் அட்டை கிழிந்து நூலாற் கட்டப்பட்டிருக்கும். அவ்வூர்களின் தெருக்களிலே நடந்து திரிந்தவர் போலப் பேசுவார். ஒருநாள் மாணவன் ஒருவன், “சேர், எப்ப போய்ப் பாத்தனீங்கள்?” என்று கேட்டுவிட்டான். ஆசான் சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டியபடி, “நான் போகேல்லைப் பிள்ளையள். உங்களிலை ஒராளாவது போய்ப் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ” என்றார். போய்ப் பார்த்து வந்துவிட்டோம். சொல்வதற்கு அவர் இல்லை. ஆதலின் இம்மலரிலே சொல்கின்றோம்.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலிற் சென்றோம். 2023 ஆம் ஆண்டிலே தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆவணியில் மீண்டும் ஓடத் தொடங்கிய சேவை அது. ஏறக்குறைய நான்கு மணிநேரப் பயணம். உடன்வந்தவர் எம் வகுப்புத் தோழர். இப்போது கணித ஆசிரியர். எதனைக் கண்டாலும் அடியால் அளந்து குறிப்பேட்டிற் பதிவது அவர் வழக்கம். கடலை மட்டும் அவரால் அளக்க முடியவில்லை. கரை காணுமட்டும் கண்மூடிப் படுத்திருந்தார். எம்மூர்க் கரையிலே கடலோடிகளைக் காக்கும் சிந்தாத்திரை மாதா கோயில் உண்டு. சைவராகிய யாமும் அன்று அவ்வன்னையை ஒருமுறை நினைத்துக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

தஞ்சைப் பெருங்கோயிலைப் பற்றி எழுதாதார் இல்லை. யாமும் எழுதிப் பக்கம் நிரப்பப் போவதில்லை. 216 அடி உயர்ந்த விமானத்தின் நிழலிலே நின்றபோது வாய் பேசவில்லை என்பது மட்டுமே சொல்லத்தக்கது. ஆனால் அங்கே கல்வெட்டுக்களுக்கிடையிலே யாம் தேடிச் சென்ற செய்தி ஒன்று உண்டு. இராசராசன் இக்கோயிலுக்கு ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றையும் நிவந்தமாக விட்டான். அவ்வூர்களிலிருந்து நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் கடல் கடந்து வரவேண்டுமென விதித்தான். இலுப்பை எண்ணெய் எரிந்த ஈழத்துக் கோயில்களை யாம் அறிவோம். எங்கோ ஓர் ஈழத்துக் குடியானவன் பிழிந்த எண்ணெயும் இந்த மண்டபத்து விளக்கிலே எரிந்ததென எண்ணியபோது, ஆசானின் வகுப்பிலே எழுந்த பெருமிதத்தோடு வேறோர் உணர்ச்சியும் கலந்து நின்றது.

அன்றிரவு விடுதியிலே தோழரிடம் அதனைச் சொன்னோம். “அரசன் என்றால் வரி வாங்கத்தானே செய்வான்; இதிலென்ன புதுமை?” என்றார். அவர் சொன்னது முறையே. ஆயினும் வரியோடு நின்றதா? தொண்டைநாட்டுத் திருவாலங்காட்டிலே இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியது. ஈழத்தரசன் பராக்கிரமபாகு சோழநாட்டின்மேற் படையெடுக்கக் கருதி ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் முதலிய இடங்களிலே படை திரட்டிப் படகுகள் செய்விக்கின்றான் என்ற செய்தி வந்ததும், சோழர் தலைவன் அண்ணன் பல்லவராயன், பராக்கிரமபாகுவின் மருமகனாகிய சீவல்லபனைப் படையோடு அனுப்பினான். ஊராத்துறை வீழ்ந்தது, யானைகள் கவரப்பட்டன, ஊர்கள் பல காதத்துக்கு அழிந்தன, தலைவர் சிலர் மாண்டனர், சிலர் சிறைப்பட்டனர். ஊராத்துறை எது? சாட்டியிலிருந்து துவிச்சக்கர வண்டியிலே சென்றுவரத்தக்க ஊர்காவற்றுறைதான். ஆண்டுதோறும் மாணாக்கருக்குச் சோழர் புகழை நெஞ்சு நிமிர்த்திக் கற்பிக்கும் நாம், சோழர் எரித்த ஊர்ப்பட்டியலிலே எம் தீவையும் கண்டோம். இந்தப் பக்கத்தை வகுப்பிலே கற்பிக்காமல் இருபது ஆண்டுகள் கடத்திவிட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

மறுபக்கமும் உண்டு. அதே பராக்கிரமபாகு நயினாதீவிலே நாட்டிய கல்வெட்டு இன்றும் நாகபூஷணி அம்மன் கோயிலிலே உளது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 ஆம் ஆண்டு வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகர் காக்கப்படவேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கலம் உடைந்தால் பாதிப்பாதி என்பது அதன் சாரம். சிங்கள வேந்தன் தன் ஆணையைத் தமிழிலே வெட்டுவித்தான். பொருளை இழந்தவன் உரிமையை முற்றாக இழப்பதில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கின்றது. இக்கடைசிச் செய்தியை அன்பர்கள் நினைவில் வைக்க, பின்னர் வேண்டியிருக்கும்.

அடுத்து, கும்பகோணத்தின் அருகே பழையாறை. ஆசானின் இரண்டாம் புள்ளி. தலைநகரொன்றைக் காணப் போகின்றவர் அங்கே வயலும் வாழையும் தென்னையுமே காண்பர். ஊர்ப்பெயர்களிலேதான் நகரம் இருக்கின்றது: ஆரியப்படையூர், பம்பப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். படைவீடுகள் இருந்த இடங்களிலே இன்று பசுக்கள் மேய்கின்றன. சோழன்மாளிகை என்றே ஓர் ஊர் உண்டு. மாளிகை எங்கே என்று அங்கொரு தேநீர்க் கடையிலே கேட்டோம். “இதுதாங்க சோழன்மாளிகை” என்று கடைக்காரர் தம் கடையையும் தெருவையும் சுட்டிக் காட்டினார்! கேட்ட கேள்விக்கு அதைவிடச் சரியான விடை இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டிற் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். அந்நிலத்தைக் கழுதை பூட்டி உழுவித்துக் கவடி விதைத்தான் என அவன் மெய்க்கீர்த்தி பெருமையோடு பேசுகின்றது. அத்துணைச் சினத்திலும் அவன் ஒன்றை விட்டுவைத்தான் எனத் திருவெள்ளறைக் கல்வெட்டுக் கூறும். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குக் கரிகாலன் அளித்த பதினாறுகால் மண்டபமே அது. தமிழாசிரியர் என்ற முறையில் இச்செய்தியிலே எமக்கு மகிழ்ச்சி மிகும். எரிந்த வீடுகளில் வாழ்ந்தவர்களைப் பற்றி அக்கல்லும் பேசவில்லை.

தாராசுரத்துச் சிற்பங்களை ஒரு மாலைப்பொழுதிலே கண்டோம். அறுபத்துமூவர் வரலாற்றைச் சாண் அளவுக் கற்களிலே செதுக்கிய கைகளை வணங்கி நகர்ந்தோம்.

மறுநாட் காலையில் வாடகைக் காரிலே வடக்கு நோக்கிப் புறப்பட்டு, அணைக்கரையிலே கொள்ளிடத்தைக் கடந்தோம். நெடிய அணை, தோழர் அதன் மதகுகளை எண்ணிக்கொண்டே வந்தார். 1836 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் கட்டியது. கட்டுவதற்குக் கல் வேண்டியிருந்தபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருமதிலை இடித்துக் கொண்டுவந்தனர். ஆக, அக்கோயிலைக் காணுமுன்னரே அதன் மதிலின்மேல் ஏறி வந்துவிட்டோம். இதனைக் கேட்ட காரோட்டி, “அப்ப கல்லு வீணாப் போகலைங்களே சார்” என்றார். அந்த அணை நீரை எத்தனையோ ஊர் வயல்கள் உண்டு வாழ்கின்றன. அவரைக் கடிந்துகொள்ள எம்மால் முடியவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் தனித்து நிற்கின்றது. சுற்றிலும் நகரமில்லை, தெருக்களில்லை, புற்றரையும் வானமுமே. முதலாம் இராசேந்திரன் கங்கைவரை சென்ற படையெடுப்பின் பின்னர் இங்கே தலைநகரை அமைத்தான். அது ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழரின் தலைநகராயிருந்தது. விமானம் தஞ்சை விமானத்திலும் தாழ்ந்தது. 180 அடி அளவினது. தஞ்சை விமானம் நிமிர்ந்து நிற்பது. இது மெல்ல வளைந்து மேலெழுவது. தந்தையின் கோயிலிலும் உயர்த்திக் கட்டலாகாது என்ற அடக்கம் மைந்தனுக்கு இருந்ததென ஆசான் கூறுவார். அதற்குச் சான்று உண்டோ இல்லையோ, வகுப்பிலே கேட்க இனிதாயிருந்தது. வடபுறத்திலே சண்டேசுரருக்கு இறைவன் தன் கையாலே மாலை சூட்டும் சிற்பத்தின் முன் நெடுநேரம் நின்றோம். தலை தாழ்த்திக் கைகூப்பியிருக்கும் அவ்வடியவரின் முகத்திலே அரசனே தன்னைச் செதுக்குவித்துக்கொண்டான் என்பாரும் உளர். சாளுக்கிய நாட்டிலிருந்து வெற்றிப் பொருளாகக் கொண்டுவந்த சிற்பங்களும் அக்கோயிலிலே உள்ளன. அவையும் யாரோ ஓர் ஊரவர் வணங்கி நின்றவையே அல்லவா?

கோயிலிலிருந்து தென்மேற்கே ஒன்றரை மைல் தொலைவுக்குள் மாளிகைமேடு. அரண்மனை இருந்த இடம் அதுவே. 1980 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து வருகின்றனர். செங்கற் சுவர்களின் அடிப்பாகங்களும், கூரையோடுகளும், இரும்பாணிகளும், சீனத்துப் பீங்கானோடுகளும் கிடைத்துள்ளன. கடவுளுக்குக் கல்லாலும் தனக்குச் செங்கல்லாலும் வீடு கட்டினான் அரசன். கல் நின்றது, செங்கல் போயிற்று. கூரைக் கொட்டகையின் கீழே முழங்கால் உயரத்துக்கு நிற்கும் அச்சுவர்களைக் கண்டதும் எம் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. தோழர் அளவுநாடாவை எடுத்தார். யாம் அங்கிருந்த வேப்பமர நிழலில் அமர்ந்தோம்.

இக்காட்சியை யாம் முன்னரே கண்டிருந்தோம். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் சாட்டிக்குச் சென்றபோது ஆச்சியின் வீட்டை இவ்வாறே கண்டோம். ஓடில்லை, வளையில்லை, கதவில்லை, நிலையில்லை, சாளரமில்லை. சமையலறை நடுவே எருக்கலை ஆளுயரம் வளர்ந்திருந்தது. பூட்டிய கதவு இல்லாத வீட்டுக்குத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

மேட்டின் ஓரத்திலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் எம்மை நெருங்கி வந்தார்.

“சாருக்குக் கேரளாவா?”

“இல்லை ஐயா, யாழ்ப்பாணம்.”

“சிலோனா! பேச்சு ஒரு மாதிரியா இருக்கேன்னு பார்த்தேன். உட்காருங்க, உட்காருங்க.”

பேச்சுக்கிடையிலே அவர் சொன்னார்: “எங்க தாத்தா காலத்துல இங்க எங்க வெட்டினாலும் செங்கல்லுதாங்க. வீட்டுக்கு, கிணத்துக்கு, மாட்டுக் கொட்டாய்க்கு எல்லாம் இதுதான். எங்க வீட்டுத் திண்ணையிலகூட இருக்கு. ராஜா வீட்டுக் கல்லுன்னு அப்ப யாருக்குத் தெரியும்?” சற்று நேரம் ஆடுகளைப் பார்த்திருந்துவிட்டு, “தெரிஞ்சிருந்தாலும் எடுத்துத்தான் இருப்பாங்க. கல்லு சும்மா கெடக்குது, மனுசனுக்குச் சுவரு வேணும்” என்றார்.

தோழர் கொதித்தெழுந்து வரலாற்றுச் செல்வத்தின் அருமையைப் பற்றி அவருக்கு ஒரு பாடம் நடத்தத் தொடங்கினார். நியாயமாக அதனை நடத்தவேண்டியவர் தமிழாசிரியராகிய யாமே. யாமோ வாய் திறக்கவில்லை. காரணத்தைத் தோழருக்கு அன்று சொல்லவில்லை, இங்கே சொல்கின்றோம்.

2010 ஆம் ஆண்டிலே யாம் சாட்டியில் மீளக் குடியமர்ந்தோம். ஆச்சியின் வீட்டுச் சுவர்களுக்கு மேலே புதுக்கூரை போட்டதோடு கைப்பணம் தீர்ந்தது. பழைய மரச்சாமான் விற்பவர் ஒருவரிடம் முதிரை மரத்திலே இரட்டைக் கதவொன்றும் நிலையும் இருந்தன. புதிதாய்ச் செய்வதற்கு ஆகும் செலவிற் காற்பங்குகூட அவர் கேட்கவில்லை. “இது எந்த ஊர்க் கதவு அண்ணை?” என்று கேட்டோம். “தம்பிக்குக் கதவு வேணுமோ, கதை வேணுமோ?” என்றார். கதவுதான் வேண்டியிருந்தது. வாங்கி மாட்டினோம். ஆச்சி வீட்டுக் கதவைக் கொண்டுபோனவர்களை அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளாக மனத்துக்குள்ளே வைதுகொண்டிருந்த யாம், வேறு யாரோ ஓர் ஆச்சியின் கதவைத் திறந்து மூடி வாழத் தொடங்கினோம். ஓரிரு கிழமை உறுத்தியது. பின்னர் அது எம் வீட்டுக் கதவாயிற்று. மாளிகைமேட்டுப் பெரியவர் தம் திண்ணையைப் பற்றிச் சொன்னபோதுதான் அது மீண்டும் பிறர் கதவாயிற்று.

புறப்படும்போது அப்பெரியவர் மடியிலிருந்து ஒரு செங்கல் துண்டை எடுத்து, “ஊருக்குக் கொண்டுபோங்க, ஞாபகமா இருக்கட்டும்” என்று நீட்டினார். நன்றி கூறி அதனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தோம். அவருக்கு அது வருத்தம் தந்ததோ என்னவோ. எம் நிலையை விளக்க அங்கே சொல் வரவில்லை.

மாலையிலே சோழகங்கம் என்னும் ஏரியைக் காணச் சென்றோம். பொன்னேரி என்பது மக்கள் வழங்கும் பெயர். கங்கைநீரை வென்ற மன்னர் தலையிலே சுமப்பித்துக் கொண்டுவந்து இதிற் பெய்து, இதனை நீராலாகிய வெற்றித்தூண் என்று இராசேந்திரன் பெயரிட்டான். அவ்வாறே திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. கரை பல மைல் நீளத்துக்குக் கிடக்கின்றது. யாம் சென்ற வெயிற்காலத்திலே பெரும்பகுதி வற்றி, புல்லிடையே ஆங்காங்கு மட்டும் நீர் மின்னிற்று. சோழர் செய்தவற்றுள் எமக்கு மிகவும் பிடித்தது எதுவென்று கேட்பின், இருபெருங் கோயில்களையும் விட்டு இந்த ஏரியையே சொல்வோம். குடத்தோடு வரிசையில் நின்று நன்னீர் பெற்ற தீவகத்தாரின் மதிப்பீடு அது. பிறர் வேறு சொல்லலாம். எரியூட்டிய அரசரும் இதனை எரிக்க முடியவில்லை. எவரும் பெயர்த்துச் செல்லவும் முடியவில்லை. கரையிலே நின்று, ஆசானின் மூன்றாம் புள்ளி இதுவென மனத்துக்குள் சொல்லிக்கொண்டோம்.

திரும்பி வந்த பின்னர் எம் வாசற்கதவைப் பதினைந்து ஆண்டுகளில் முதன்முறையாக உற்று நோக்கினோம். நிலையின் மேற்கட்டையிலே தாமரைப் பூவொன்றும் அதன் கீழே 1957 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. இடக்கதவின் உட்புறத்திலே, வளரும் பிள்ளையின் உயரத்தை அவ்வப்போது குறித்தாற்போலக் கத்தியாற் கீறிய ஏழு கோடுகள் உண்டு. ஏழாவது கோடு எம் இளைய மகளின் தோளுக்குச் சரியாக நிற்கின்றது. புங்குடுதீவிலும் நாரந்தனையிலும் முதியோர் சிலரைக் கேட்டுப் பார்த்தோம். இதுவரை எவரும் அடையாளம் கூறவில்லை.

இம்மலர் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் தீவகத்துப் பழைய மாணவர் கைகளுக்குச் செல்லும் என்று மலர்க்குழுவினர் கூறினர். இவ்வடையாளங்களை அறிந்தவர் எவரேனும் இருப்பின், குழுவினர் வழியாக எமக்கு எழுதுக. நயினாதீவுக் கல்வெட்டிலே வரும் பங்குக் கணக்கை யாம் கேட்கப்போவதில்லை. கதவு முழுவதும் உரியவருக்கே. கதவுக்கு இவ்வாண்டு நிறம் தீட்டியபோது அந்த ஏழு கோடுகளின்மேல் மட்டும் தூரிகை படாமல் விட்டிருக்கின்றோம்.